திரும்பி வந்த சாமான்கள்

11 வருடம் ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடியில் கிடந்தேன். முதுகு மறுத்துவிட்ட பிறகு, உதிரி பாகங்களை மொத்தமாக விநியோகிக்கும் ஓர் இடத்தில் வாரண்டி மேஜையில் உட்கார்ந்தேன். அங்கே 9 வருடம். மெக்கானிக்குகள் “சாமான் சரியில்லை” என்று திருப்பி அனுப்புவதைப் பிரித்துப் பார்த்து, தப்பு சாமான் மேலா, மாட்டின கை மேலா என்று எழுதித் தர வேண்டும். எதை எழுதினாலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்வார்.

மேஜையில் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஒரு வைஸ், ஹாக்ஸா பிளேடு, பூதக்கண்ணாடி, எடைத் தராசு, ரப்பரின் கடினத்தைக் காட்டும் கையடக்க மீட்டர். வருவதில் பெரும்பகுதி சஸ்பென்ஷன் சாமான்தான், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்குபவை: சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மின் புஷ், அந்தக் கை சக்கரத்தோடு சேரும் மூட்டான பால் ஜாயின்ட், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு இணைக்கும் லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர். இன்ஜினுக்குள் இருக்கும் பாகங்கள் மூடிய வீட்டுக்குள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கின்றன. இவை தெருவில் நிற்கின்றன. தண்ணீர், சேறு, கல், பள்ளம் எல்லாவற்றையும் முதலில் வாங்குவது இவைதான். அதோடு, கெட்டுப்போனால் சத்தம் போடும். சத்தம் வந்தால்தானே வண்டிக்காரர் நம்மிடம் வருவார்!

புஷ்ஷைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பேரிங் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒட்டு ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுற்றுவதில்லை, வழுக்குவதும் இல்லை. ரப்பர் இரண்டு குழாயோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் வண்டியின் சட்டத்தோடு ஒன்றாகிவிடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் ஆடுகிறதே, அந்த ஆட்டம் முழுவதையும் ரப்பர் தன் உடம்பை முறுக்கித்தான் தாங்குகிறது.

இது தெரியாமலே பல வருடம் புஷ் மாற்றியிருக்கிறேன். லிஃப்டில் வண்டியைத் தூக்குவது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று இறுக்குவது, இறக்குவது. ஒரு வண்டி இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. புஷ் கிழிந்திருந்தது. “டூப்ளிகேட் சாமான் குடுத்துட்டாங்க சார்” என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு கொடுத்தார். அதுவும் கிழிந்தது. மூன்றாவதை மாட்டும்போது, பக்கத்து லிஃப்டில் வேலை செய்த மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வந்து குனிந்து பார்த்தார்.

“எப்படி வச்சுடா டைட் பண்ணே?”

“தொங்கவிட்டுத்தான்ணே.”

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சாக்பீஸை எடுத்து, உள்குழாயிலிருந்து ரப்பர்மேல் வெளிக்குழாய்வரை ஒரு நேர்கோடு இழுத்தார். “இப்ப வண்டிய இறக்கு” என்றார். இறக்கினேன். இரண்டு பேரும் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடு வளைந்து அரிவாள் மாதிரி நின்றது. வண்டி ஓட ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் ரப்பர் அவ்வளவு முறுக்கத்தில் இருந்தது. இனி ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதற்கு மேல் முறுக்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் போல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பியது. வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும் அந்த உயரத்திலேயே மறுபடி இறுக்கினோம். லிஃப்டில்தான் வேலை என்றால் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு இறுக்கலாம். அந்தப் புஷ் அப்புறம் வரவே இல்லை. முதல் இரண்டையும் டூப்ளிகேட் என்று சொன்னதற்காகக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை.

வாரண்டி மேஜைக்கு வந்தபின் அந்த மாதிரிக் கிழிசல்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. முறுக்கத்தில் போன புஷ்ஷில் கிழிசல் உள்குழாயை ஒட்டி, அதைச் சுற்றி வட்டமாக ஓடும். முறுக்கும்போது ரப்பர் அதிகம் வருந்துவது அந்த இடத்தில்தான். வெட்டிப் பார்த்தால் குழாயின்மேல் கறுப்பாக ஒரு படலம் ரப்பர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது ஒட்டு விடவில்லை, ரப்பர்தான் கிழிந்திருக்கிறது. தயாரிப்பில் குறை என்று எழுத எனக்குக் கை வராது.

இன்னொரு வகை உண்டு. அதில் ரப்பர் உரித்த பழத்தோல் மாதிரி முழுசாகக் கழன்று வரும். அடியில் இரும்பு பளபளவென்று இருக்கும், ஒரு பொட்டு ரப்பர்கூட இருக்காது. இது ஒட்டாத புஷ். ரப்பரை இரும்போடு ஒட்டவைப்பது லேசான காரியம் இல்லை. இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியோ பாஸ்பேட் பூச்சு கொடுத்தோ தயார் செய்து, பிரைமர் பூசி, அதன்மேல் பசை பூசி, பிறகு அச்சுக்குள் வைத்துச் சூட்டில் ரப்பரை வேகவைக்கிறார்கள். நடுவில் ஒருவர் எண்ணெய்க் கையால் தொட்டுவிட்டால் அந்த விரல் பட்ட இடம் ஒட்டாது. வெளியே எதுவும் தெரியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடினத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு. மெக்கானிக் கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு, நல்ல சாமான்” என்பார். ஒரு வண்டியின் ஒரிஜினல் புஷ் என் மீட்டரில் 55-ஐ ஒட்டிக் காட்டியது. திரும்பி வந்த மாற்றுச் சாமான் 72. கல் மாதிரிதான் இருந்தது. ரப்பர் இணங்கிக் கொடுக்காவிட்டால் அந்த விசை எங்கே போகும்? ஒட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்குப் போகும். சில வண்டிகளில் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும், நடுக்கத்தை அடக்குவதற்காக. அதே பார்ட் நம்பரில் வெறும் ரப்பரை நிரப்பி விற்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டிய பிறகு பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று புகார் வரும். பாவம், பிரேக் டிஸ்க்கை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

பால் ஜாயின்ட் வேறு கதை. புஷ் கெட்டால் டயர் தேயும், சத்தம் வரும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். அதனால் அது வந்தால் நேரம் எடுத்துத்தான் பார்ப்பேன். வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் நெடுக்காக அறுத்தால் உள்ளே ஒரு பந்து, அதைக் கவ்விக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், கிரீஸ், இவ்வளவுதான். நல்ல சாமானில் பந்து கண்ணாடி மாதிரி மின்னும், கிண்ணம் அதைச் சுற்றிலும் தழுவியிருக்கும். ஒருமுறை ஒரு மலிவுச் சாமானையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் அறுத்து வைத்தேன். மலிவானதில் பந்தின்மேல் லேத் உளி ஓடிய வரிகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன, நகத்தால் கீறினால் சொரசொரத்தது. அது ஒவ்வொரு திருப்பத்திலும் தன் கிண்ணத்தைத் தானே அரம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கிரீஸ் என்று பார்த்தால், தொட்டு வைத்த அளவு.

ஆனாலும் எனக்கு வந்த பால் ஜாயின்ட்டுகளில் நிறைய, உள்ளே நன்றாக இருந்து, மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து செத்தவை. தண்ணீர் போய், துருவேறி, பந்தில் குழி விழுந்து, குழி கிண்ணத்தைத் தின்று, ஆட்டம் வந்து... பூட் தானாகக் கிழிந்ததா, கிழிக்கப்பட்டதா என்பதில்தான் வழக்கு. தானாக வெடித்த ரப்பரில் மடிப்புகளில் மெல்லிய விரிசல்கள் வரிசையாக இருக்கும். ஜாயின்ட்டைப் பிரிக்க இரண்டு பல் இரும்புக் கவட்டை போட்டுச் சுத்தியலால் அடித்த பூட்டில் ஒரே இடத்தில் வெட்டு இருக்கும், பெரும்பாலும் எதிர்ப்பக்கம் அதற்கு ஜோடியாக இன்னொன்று. லிங்க் ராடில் இதே கதை வேறு விதமாக வரும். நட்டை இறுக்கும்போது தண்டைப் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் ஒரு ஆலன் கீ ஓட்டை கொடுத்திருக்கிறார்கள். பிடிக்காமல் ஏர் கன்னால் இறுக்கினால் தண்டு சுற்றும், அதோடு பூட்டும் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். பிறந்த அன்றே அதன் ஆயுள் முடிந்தது.

ஷாக் அப்சார்பரில் எனக்குப் பிடித்த தடயம், தண்டின்மேல் பல் பதிந்த அடையாளம். மேல்நட்டை இறுக்கும்போது தண்டு சுற்றுகிறதென்று பிளையரால் குரோம் பூசிய இடத்தைக் கவ்வியிருப்பார்கள். எலி கொறித்த மாதிரி நாலு கோடு. அந்தக் கோடுகள் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை உரசிக்கொண்டே போகும், கொஞ்ச நாளில் எண்ணெய் வடியும். “லீக் ஆகுது” என்று அனுப்புவார்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு தண்டின் வாயில் தெரிவது சகஜம், அது வேறு. இன்னும் சிலர் புது ஷாக்கை மாட்டியதுமே ‘டக் டக்’ என்று அடிக்கிறதென்று கழற்றி அனுப்பிவிடுவார்கள். கிடங்கில் படுக்கவைத்த இரட்டைக்குழாய் ஷாக்கில் காற்று உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்தால் சரி. மேஜைக்குப் பக்கத்தில் நின்று நானே அமுக்கி, சரியாகிவிட்ட ஷாக்குகளைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.

காயில் ஸ்பிரிங் குறைவாகத்தான் வரும். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துருக்குழி, குழியிலிருந்து வெடிப்பு, அடிச்சுற்றில் முறிவு. முறிந்த முகத்தில் கடல் அலை மணலில் விட்டுப்போன மாதிரி வளைவளைவாகக் கோடுகள் இருந்தால் வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. நேற்றைய பள்ளத்தைத் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லாத் தப்பும் மெக்கானிக் தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பொய் பெட்டியில் இருந்தது. நாங்கள் விற்ற பிராண்டுகளில் சிலவற்றுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலையே கிடையாது. இந்த வருடம் ஓர் இடத்தில் வாங்குவார்கள், அடுத்த வருடம் விலை படியவில்லை என்றால் வேறு இடம். பெட்டி மாறாது, பார்ட் நம்பர் மாறாது. அதனால்தான் தராசு வாங்கினேன். ஒரே நம்பர் போட்ட இரண்டு லோயர் ஆர்மை எடை போட்டால் முந்தாநாள் வந்த சரக்கு கணிசமாக இலேசாக இருக்கும். தகடு மெலிந்திருக்கும். “போன தடவை வாங்கினது 3 வருஷம் ஓடுச்சு, அதே கம்பெனிதான் சார்” என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி அதேதான், சாமான்தான் வேறு. பெட்டியில் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று அச்சடித்திருப்பதைக் காட்டிச் சண்டை போடுவார்கள். அது தொழிற்சாலை வேலையை எப்படி நடத்துகிறது என்பதற்கான சான்று. உங்கள் கையில் இருக்கும் புஷ்ஷை யாரும் தனியாகச் சோதித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சில நல்ல சாமான்களை மெக்கானிக்குகள் வாங்க மறுப்பார்கள். வார்ப்பில் ஓரிடத்தில் கிரைண்டர் போட்டுத் தேய்த்திருக்கும். “ரிஜெக்ட் சரக்கு” என்று ஒதுக்குவார்கள். கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர் தன் சொந்தப் பெட்டியில் விற்கும்போது கார் கம்பெனியின் முத்திரையைத் தேய்த்து எடுத்துவிடுவது வழக்கம். பல சமயம் அந்த அசிங்கமான தேய்ப்புதான் பெட்டியில் இருக்கும் ஒரே நல்ல செய்தி.

ஒரு மெக்கானிக்கின் மூன்று கிளெய்மை வரிசையாக நிராகரித்தேன். மூன்றும் புஷ், மூன்றிலும் வட்டக் கிழிசல். அவரே போன் செய்தார். தொங்கவிட்டு இறுக்குகிறீர்களா என்று கேட்டேன். “20 வருஷமா இப்படித்தான் மாட்டறேன், நீங்க மேஜையில உக்காந்துகிட்டு எனக்கு வேலை சொல்றீங்களா?” என்றார். நானும் பல வருடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, சாக்பீஸ் கதையைச் சொன்னேன். வண்டியைத் தரையில் நிறுத்தி இறுக்கிய பிறகு வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள், அப்புறம் கிழிந்து வந்தால் நான் பேச மாட்டேன் என்றேன். பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

8 மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு லோயர் ஆர்ம் வந்தது. புஷ்ஷோடு, முழுசாக. துடைத்துப் பார்த்தேன். உள்குழாயிலிருந்து ரப்பர்மேல் ஒரு வெள்ளைக் கோடு, நூல் பிடித்த மாதிரி நேராக. வெளிக்குழாயின் விளிம்பில் அது நின்றுபோய், அரை விரல் தள்ளி மறுபடி தொடங்கியது. அறுக்கக்கூடத் தேவைப்படவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் ரப்பர் முழுசாக வந்தது. அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது.

‘தயாரிப்புக் குறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றே புது ஆர்ம் அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டார்.

“சாமான் வந்துடுச்சு சார். கழட்டி மாட்டின கூலி, மறுபடி அலைன்மென்ட் பண்ணணுமே, அது?”

கிளெய்ம் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினேன். கூலி எழுத அதில் கட்டம் இல்லை.