தாரையின் நடுவே இருக்கும் வெறுமை

கருந்துளையின் இரு துருவங்களிலிருந்தும் பீறிட்டுக் கிளம்பும் தாரைகளின் கணினிப் படத்தைத் திரையில் போட்டால், எந்த அரங்கமும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அந்தப் படங்களை உருவாக்குவதுதான் என் வேலை. அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எம்87 விண்மீன் மண்டலத்திலிருந்து நேர்க்கோடாக ஓர் ஒளிக்கீற்று நீள்வதை வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் 1918இல் பதிவு செய்தார். 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், சூரியனைப் போல் சுமார் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று அதற்கு அடியில் இருக்கிறது. உள்ளே விழுவதை மட்டுமே விழுங்கத் தெரிந்த ஒன்று, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு எப்படி வெளியே உமிழ்கிறது?

காந்தப்புலம்தான் விடை என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. 1982இல் பிளான்ட்ஃபோர்டும் பெய்னும் சொன்ன வழி, மனத்தில் படம் பிடிக்க எளிது. சுழலும் வாயு வட்டிலிருந்து எழும் காந்தப்புலக் கோட்டை விறைப்பான கம்பியாகவும், வாயுவை அதில் கோத்த மணியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். வட்டோடு கம்பியும் சுழல்கிறது. கம்பி செங்குத்தாக நின்றால் மணி அசையாது. வட்டின் தளத்தோடு 60 பாகைக்குக் குறைவாக வெளிப்புறம் சாய்ந்துவிட்டால், சுழற்சி ஈர்ப்பை வென்று மணியை வீசியெறியும். உயரே போகப் போக வாயுவின் கனத்தைப் புலத்தால் இழுக்க முடியாது. கோடுகள் வளைந்து வளையங்களாகச் சுற்றிக்கொள்ளும், அந்த வளையங்களே தாரையை ஒடுக்கிப் பிடிக்கும். இளம் விண்மீன்களின் தாரைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஓரியனில் உள்ள எச்எச் 212 தாரை தன் அச்சைச் சுற்றிச் சுழல்வதை ஆல்மா தொலைநோக்கிகளின் உதவியுடன் அளந்து 2017இல் வெளியிட்டார்கள்.

எம்87 போன்றவற்றுக்கு இன்னொரு வழி தேவைப்படுகிறது. 1977இல் பிளான்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் காட்டியபடி, சுழலும் கருந்துளை தன்னைத் துளைத்துச் செல்லும் கோடுகளையே முறுக்கிவிடும். துளையின் சுழற்சி ஆற்றல் புலத்தின் வழியே வெளியேறும். 2011இல் செக்கோவ்ஸ்காய், ரமேஷ் நாராயண், மெக்கின்னி ஆகியோரின் கணக்கீட்டில், உள்ளே விழுந்த பொருளின் மொத்த ஆற்றலைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தது. மிச்சம் துளையின் சுழற்சியிலிருந்து கழிந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாயு காந்தப்புலக் கோட்டைக் குறுக்கே கடக்காது. துளையோடு பிணைந்த கோடுகளில் இருந்த வாயுவில் ஒரு பகுதி உள்ளே விழும், மறுபகுதி வெளியே பறக்கும். வட்டிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேராது. தாரையின் நடுப்பகுதி காலியாகிக்கொண்டே போகும். அங்கே மொத்த ஆற்றலில் ஏறக்குறைய எல்லாமே காந்தப்புலத்தினுடையது. வாயுவின் பங்கை அறிய ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும். கடைசி இலக்கங்களில் சின்னப் பிழை வந்தாலும் அழுத்தம் எதிர்ம எண்ணாகிவிடும், நிரல் பாதியில் நின்றுவிடும். அதனால் எங்கள் நிரல்கள் எல்லாவற்றிலும் அடர்த்திக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. கணக்கீட்டு வலையின் எந்தக் கட்டத்தில் அடர்த்தி அதற்குக் கீழே இறங்கினாலும், நிரல் தானாகவே அங்கே வாயுவை நிரப்பும்.

அதாவது, தாரையின் நடுவில் நீங்கள் பார்க்கும் அடர்த்தி இயற்கை தந்ததன்று. உள்ளீட்டுக் கோப்பில் நான் எழுதிய எண்.

காந்த ஆற்றலுக்கும் வாயு நிறையின் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைச் சிக்மா என்போம். வாயு குறையக் குறையச் சிக்மா ஏறும். எனவே அடர்த்தியின் கீழ்வரம்பைச் சிக்மாவின் உச்சவரம்பாகவும் சொல்லலாம். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, சிக்மாவின் உச்சவரம்பை மட்டும் 20 என்றும் 100 என்றும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். தாரையின் திறன் கிட்டத்தட்ட அசையவில்லை. அதைப் புலமே சுமக்கிறது. துளையின் சுழற்சியும் புலத்தின் அளவும் அதைத் தீர்மானிக்கின்றன. அச்சை ஒட்டிய வேகமோ மாறிவிட்டது. ஒரே ஆற்றலைக் குறைந்த நிறைக்குப் பங்கிட்டால் வேகம் கூடத்தானே செய்யும்.

இயற்கையில் அந்த இடத்தை நிரப்புவது யார்? ஒளித்துகள்கள் மோதிப் பிறக்கும் எலெக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளா, விளிம்பில் புலம் அறுபட்டுக் கலந்து உள்ளே கசியும் வாயுவா? துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் கணக்கீடுகள் முதல் கேள்வியை இப்போதுதான் தொட ஆரம்பித்திருக்கின்றன. என் பந்தயம் இரண்டாவதன் மேல்.

எம்87 துளையைப் படம் பிடித்த நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு, 2021இல் அதன் அருகே 1 முதல் 30 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) வரையிலான புலம் இருப்பதாக மதிப்பிட்டது. வலிமையான, ஒழுங்கான புலம் கொண்ட மாதிரிகளே அவர்கள் அளவீட்டுக்கு ஒத்துவந்தன. அவர்களும் ஒளியைக் கணக்கிடும்போது சிக்மா 1ஐத் தாண்டும் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சரியான நேர்மை அது. ஆனால் அந்த எச்சரிக்கை கட்டுரையோடு நின்றுவிடுகிறது. செய்தித்தாளுக்குப் போகும் வண்ணப்படத்தில் வருவதில்லை.

எனவே என் படங்களில் சிக்மா 1 எல்லையை வெள்ளைக் கோடாக வரைந்துவிடுகிறேன். கோட்டுக்குள் திறனையும் புலத்தின் வடிவத்தையும் நம்புங்கள். அடர்த்தியின் வண்ணத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.