மொறிஸ் மைனருக்கு ஆசனப்பட்டி பூட்டினேன்

அம்மாவின் நெற்றி வீக்கம் வற்றப் பத்து நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலி வீதியில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. பிரேக்கை மிதித்தேன். முப்பது கிலோமீற்றர் வேகம்கூட இருந்திராது. அம்மா முன்னால் போய் டாஷ்போர்டில் இடிபட்டா.

அது அப்பா வைத்திருந்த கார். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சீசீ. 1961க்குப் பின் வந்த மைனர்களில் ஆசனப்பட்டி (சீட் பெல்ட்) பூட்டுவதற்கான இடத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தார்கள். எங்களுடையதில் அது இல்லை. வொல்வோ பொறியியலாளர் நில்ஸ் போலினின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பட்டி காருக்கு வந்ததும் அதே 1959இல்தான். அப்பாவின் காலத்தில் பட்டி அவருடைய இடது கைதான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அம்மாவின் முன்னால் நீளும். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அன்றைக்குக் கை போய்ச் சேரவில்லை.

முதலில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு பட்டிகள் மலிவாகக் கிடைத்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து, காரின் முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூணின் அடியில் வைத்துப் பார்த்தால் பட்டி இழுபடவே இல்லை. பழுதாக்கும் என்று நினைத்தேன். கையில் எடுத்துச் சற்றுச் சரித்தேன், சுகமாக வந்தது. பட்டி சுற்றியிருக்கும் சுருளுக்குள்ளே ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது. கார் சடுதியாக நின்றாலோ சரிந்தாலோ அது உருண்டு பூட்டைத் தள்ளும். எந்தக் காருக்குச் செய்தார்களோ அந்தக் காரின் தூண் சரிவுக்கே அது பொருந்தும். வெளிச்சத்தில் பிடித்தபோது பட்டியின் ஓரமும் நூல் பிரிந்திருந்தது. ஒரு விபத்தில் இழுபட்ட பட்டி அடுத்த முறை தாங்காமல் போகலாம், அதை எப்போதும் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அம்மாவை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

லண்டனிலிருந்து வந்த மச்சான் சூட்கேசில் புதிய சோடி கொண்டுவந்தார். சுருளின் கோணத்தை மாற்றலாம், தர முத்திரை இருக்கிறது, தாங்கு தகடுகளும் போல்ட்டுகளும் கூடவே வந்தன. போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜப்பான் காரிலும் பட்டிக்கு இதே அங்குல மரைதான். 12 மில்லிமீற்றர் போல்ட்டும் போதும் என்று பலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பட்டியின் முனை போல்ட்டில் சுழல வேண்டும். அதற்கென்று கழுத்து வைத்துச் செய்த போல்ட் அது.

பூட்டுவது ஒரு நாள் வேலை. பூட்ட நல்ல இரும்பு தேடத்தான் மூன்று கிழமை போனது.

பற்றரியைக் கழற்றிவிட்டு, சீட்டையும் தரை விரிப்பையும் எடுத்து, ஸ்குறூட்ரைவர் பிடியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று கேட்கும், கறள் பிடித்தது சொத்தென்று கேட்கும். இடது பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில், ஸ்குறூட்ரைவர் நேரே உள்ளே போய்விட்டது. மேலே புட்டி, அதற்கு மேலே பெயின்ற். வெளியே பார்த்தால் புதுக் கார். கடற்கரையோரம் அறுபது வருடம் நின்ற வண்டி! மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; தரையும் அந்தப் பெட்டியும் தூணும்தான் உடம்பு. அங்கே பட்டியைப் பூட்டினால் மோதும்போது தகட்டோடு பிய்ந்து வரும். பட்டி இல்லாததைவிட அது மோசம், ஏனென்றால் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம்.

கொட்டாஞ்சேனையில் இருந்து கார்த் தகடு திருத்தும் ஒரு டிங்கரிங் பாஸ் வெல்டிங் பெட்டியோடு வீட்டு முற்றத்துக்கு வந்தார். "தம்பி, இதை மூடிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "அம்மா இருக்கிற பக்கம் அண்ணை" என்றேன். அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கறள் முழுவதையும் வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தார்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று இடம் வேண்டும்: தூணின் மேலே, தூணின் அடியில், இரண்டு முன் சீட்டுக்கும் இடையே தரையில் எழும்பியிருக்கும் நடு மேட்டின் ஓரத்தில். மேல் இடம்தான் கஷ்டம். இந்தக் காரில் திரும்பும்போது வெளியே எழும்பும் செம்மஞ்சள் சிக்னல் கை அந்தத் தூணுக்குள்ளேயே படுத்திருக்கிறது. அதைத் தூக்கி எறியச் சொன்னார்கள். அப்பாவின் கை பட்ட பொருள், எறிய மாட்டேன். கீழே இறக்கிப் பூட்டவும் முடியாது. தோளுக்குக் கீழே இருந்தால் மோதும்போது பட்டி தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். கடைசியில் சிக்னல் பெட்டிக்கு மேலே தூணின் உட்பக்கத்தை வெட்டித் திறந்து, நட் பற்றவைத்த தகட்டை உள்ளே வைத்து வெல்ட் பண்ணி மூடினோம். இரண்டு தூணுக்கும் ஒரு முழு நாள்.

தரையில் துளைக்குமுன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சாரதி பக்கத் தரைக்குக் கீழேதான் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் அடியால் ஓடுகின்றன. சோக்கட்டியால் குறித்து, சின்னத் துளை போட்டு, பிறகு பெருப்பித்தேன். துளையின் விளிம்புக்குக் கறள் பிடிக்காமல் ரெட் ஒக்சைட் பெயின்ற். அடியில் தாங்கு தகடு, மேலே போல்ட்.

ஞாயிறு விடிய மரைன் டிரைவில் ஆளில்லாத இடத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பட்டியும் பூட்டிக்கொண்டன. அம்மாவுக்கு இடுப்புப் பட்டி வயிற்றின் மேல் ஏறிக் கிடந்தது. அது இடுப்பெலும்பில் இருக்க வேண்டும். கொக்கியைச் சற்றுப் பின்னால் இறக்கியபின் சரியாக வந்தது. சேலைக்கு மேலால் போடுவது அவவுக்குக் கரைச்சல்தான், ஆனாலும் இப்போது ஏறியவுடன் தானே எடுத்துப் போடுகிறா.

ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். அம்மா பக்கத்து மேல் போல்ட் மட்டும் கால் சுற்று உள்ளே போனது. பின் ஆசனத்துக்கு மச்சானிடம் இன்னொரு சோடி சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் பின் தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.