வெண்ணிறத் துண்டும் சிவப்புக் கூரையும்

2025 மார்ச் 2, ஞாயிறு

பழைய விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. 1984-இல் வென்டீஸ் என்ற அமெரிக்க ஹாம்பர்கர் கடை போட்டது. கவுன்டரில் மூன்று பாட்டிகள், எதிரே பெரிய பன். மேல்பாதியைத் தூக்கினால் உள்ளே துளியூண்டு இறைச்சி. 81 வயது கிளாரா பெல்லர் குனிந்து பார்த்துவிட்டு "வேர்ஸ் தி பீஃப்?" (மாட்டிறைச்சி எங்கே?) என்று அதட்டுவார்.

அந்தக் குரல் கேட்டதும் அமெரிக்காவில் நாங்கள் இருந்த வீட்டின் கூடம் அப்படியே வந்துவிட்டது. எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஆங்கிலம் பிடிபடாத நாட்கள். ஆனாலும் ஒரு கிழவி கடைக்காரனைத் தட்டிக் கேட்கிறாள் என்பது புரிந்தது. "கேட்டா இப்படிக் கேக்கணும்" என்றாள். மாட்டிறைச்சி தொடாத எங்கள் வீட்டில் அம்மா வாய்விட்டுச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அந்த "வேர்ஸ் தி பீஃப்?"தான். அந்த வருடம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட வால்டர் மான்டேலும் அதையே தன் போட்டியாளர் கேரி ஹார்ட்டிடம் விவாத மேடையில் கேட்டார்.

மார்ச் 4

இரண்டு நாளாக, அமெரிக்காவில் நாங்கள் போய்வந்த கடைவளாகம், அந்தப் பிளாஸாவின் நினைவு. மால் மாதிரி பெரிதில்லை. முன்னால் கார் நிறுத்தும் வெளி, பின்னால் ஒட்டினாற்போல் ஒரு வரிசைக் கடைகள், சாலையோரக் கம்பத்தில் எல்லாப் பெயர்களும். சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களை நம்பித்தான் மற்றக் கடைகள் பிழைத்தன.

எங்கள் சனிக்கிழமை, காசு போட்டுத் துவைக்கும் கடையில். கால் டாலர் காசுகளை அம்மா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவாள். வட்டக் கண்ணாடிக்குள் என் சட்டை வந்து வந்து போகும். உலர்ந்ததும் வெள்ளைத் துண்டைச் சூட்டோடு என் தலையில் சுற்றிவிடுவாள். காதெல்லாம் கதகதக்கும். அந்தச் சூட்டோடு ஜன்னலில் பார்த்தால் எதிரே பிட்ஸா ஹட்டின் சிவப்புக் கூரை.

மார்ச் 5

அந்தக் கூரை 1969-இல் வந்தது. கடை மாறினாலும் கூரை காட்டிக் கொடுத்துவிடும்.

பள்ளியில் பிட்ஸா ஹட்டின் 'புக் இட்' திட்டம் இருந்தது. சொன்ன அளவு புத்தகம் படித்தால் குட்டி பிட்ஸா இலவசம். சட்டையில் குத்திய வட்ட பேட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவார்கள். என்னுடையதை அம்மா துவைக்கும் முன் பத்திரமாகக் கழற்றி வைப்பாள். விளம்பரம்தான், தெரியும். ஆனால் என்னைப் படிக்க வைத்தது அது.

மார்ச் 9

அந்த விளம்பரத்தைப் பார்த்ததை அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். உடனே, "அந்தக் கிழவி இருக்காளா?"

1987-லேயே போய்விட்டார் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நல்லாக் கேட்டா அந்த அம்மா" என்றாள்.