‘பொலிஸ் கேஸ் முடியட்டும்’ என்பதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள்

வீதி விபத்தில் ஆள் இறந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை, “பொலிஸ் கேஸ் முடியட்டும், பிறகு நட்டஈட்டைப் பார்ப்பம்” என்பதுதான். டிப்பர் மோதி அத்தான் இறந்தபோது அக்காவுக்கும் எல்லாரும் அதையே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒரு பொலிஸ்காரரும் உண்டு. இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீதிவான் நீதிமன்றத்தில் நடப்பது சாரதிக்கு எதிரான குற்ற வழக்கு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தது, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் குடும்பத்துக்கு நட்டஈடு தானாக வந்து சேராது. அதை மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்காகக் கேட்க வேண்டும். அதற்குக் காலவரையறை 2 வருடம். பொலிஸ் கேஸ் எவ்வளவு இழுபட்டாலும் அந்த 2 வருடம் உங்களுக்காக நிற்காது.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாக உதவுகிறார்கள். கிராம சேவகரின் வருமானக் கடிதத்தோடு போங்கள். ஆனால் வழக்கை மட்டக்களப்பில் போட முடியவில்லை. விபத்து நடந்த இடம் அல்லது பிரதிவாதி வசிக்கும் இடம், இரண்டில் ஒன்றுதான் கணக்கு. எங்களுக்கு இரண்டுமே அம்பாறைப் பக்கம். கோப்புக் கட்டோடு போய் அப்படியே திரும்பி வந்தோம்.

பிரேத பரிசோதனை, மரண விசாரணை, இறப்புச் சான்றிதழ் எல்லாம் இழுபறி இல்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது பொலிஸ் பதிவுதான். பிரதி கேட்டுப் போனால் பொறுப்பதிகாரி வெளியே போய்விட்டார் என்பார்கள். அவர் இருக்கும் நாளில் கிளாக் லீவு. கடைசியில் “கேஸ் நடக்குது, தர ஏலாது” என்று கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு சட்டத்தரணி நீதிவான் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்கும் விண்ணப்பம்) போட்டு, வழக்கேட்டிலிருந்தே சான்றுப்படுத்திய பிரதி எடுத்துத் தந்தார். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அக்கா அந்தப் பொலிஸ் நிலைய வாங்கில் அத்தனை நாள் குந்தியிருந்திருக்க மாட்டா. பிரதி முழுக்கச் சிங்களம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

வாகனத்தின் பதிவுச் சொந்தக்காரர் யார் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுத்துப் பாருங்கள். ஓட்டியவர் கூலிக்கு ஓட்டுபவராக இருந்தால் அவரிடம் என்ன இருக்கப்போகிறது? சொந்தக்காரரையும் சேர்த்துத்தான் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடும் முன்னமோ போட்ட கையோடோ காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு கிடைத்தாலும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று நழுவிவிடுவார்கள்.

அடுத்த தலையிடி வருமானம். அத்தான் மேசன். சம்பளத் துண்டு எங்கே இருக்கும்? ஆனால் அவர் உழைப்பில் குடும்பம் எவ்வளவு தங்கியிருந்தது என்று காட்டினால்தான் நட்டஈட்டைக் கணக்கிட முடியும். அவர் வேலை செய்த வீட்டுக்காரர்களிடம் கடிதம் கேட்டு அலைந்தோம். சிலர் வரி அலுவலகத்துக்குப் பயந்து எழுதவே மாட்டேன் என்றார்கள். கைகொடுத்தது ஒரு கொந்தராத்துக்காரரின் கொப்பி. கிழமைக்குக் கிழமை கூலி கொடுத்து, அத்தானிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார் அந்த மனுசன். அதைக் கண்டதும் சட்டத்தரணியே சிரித்துவிட்டார்.

அத்தானின் முப்பத்தொராம் நாள் காரியம் முடிவதற்குள் காப்புறுதிப் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். “ஒரு சைன் வைங்க அக்கா, இந்தக் கிழமையே காசு வரும்.” சின்னத் தொகை. படிவம் ஆங்கிலத்தில். வாங்கி வாசித்தேன்: இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி உள்ளே கிடந்தது. அக்கா கையெழுத்து வைக்கவில்லை. “துக்கத்துக்கெல்லாம் சட்டத்தில காசு இல்ல அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார் வந்தவர். ஒரு காலத்தில் அது உண்மைதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் வழக்கில், அன்பையும் துணையையும் இழந்ததற்கு நட்டஈடு கேட்க முடியாது என்று உயர் நீதிமன்றம் 2001இல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒருவரின் மரணத்துக்கான நட்டஈடு பற்றி 2019இல் 2ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அந்த இழப்புக்கும் கேட்கலாம். இது தெரியாத சட்டத்தரணிகளையும் சந்தித்தோம். சட்ட இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

2 வருடம் நிரம்ப முன்னமே வழக்கைப் போட்டுவிட்டோம். மூத்தவனுக்கும் சின்னவளுக்கும் அந்தச் சட்டத்தின் கீழ் தனித்தனியாகக் கேட்டிருக்கிறோம். எதிர்த்தரப்பு பதில் போடத் தவணை கேட்டிருக்கிறது.