காரைதீவில் நாங்கள் தேடிய யாழ்

மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் விபுலானந்த அடிகளைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1892இல் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பழந்தமிழரின் நரம்பிசைக் கருவியான யாழை ஆராய்ந்து யாழ் நூல் தந்தவர். இவ்வளவும் எங்களுக்கு மனப்பாடம். அதனால் 1975 ஆடியில், அடிகளின் நினைவு நாளையொட்டிக் காரைதீவுக்குச் சுற்றுலா என்று அறிவித்ததும் வகுப்பே துள்ளியது. ஒரு யாழைக் கண்ணால் காணப் போகிறோம் என்று எல்லோரும் நம்பினோம். நரம்பு எத்தனை இருக்கும் என்று இரண்டு பேர் பந்தயமும் கட்டியிருந்தார்கள்.

கல்லடி உப்போடையில் அடிகளின் சமாதியை வணங்கிவிட்டு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடலோரமாக இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் போனோம். காரைதீவில் அவர் பிறந்த இடத்தைக் காட்டினார்கள். மணல் வளவு, தென்னை, வெயில். யாழ் இல்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு தாள்கூட எங்கள் கண்ணில் படவில்லை. கூட்டிப்போன ஆசிரியர் பாடப்புத்தகத்தில் இருந்ததையே திரும்பச் சொன்னார். பந்தயம் கட்டியவர்களின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு கண்ணகி அம்மன் கோயிலடிக்குப் போனோம். தண்ணீர் குடிக்கத்தான். அங்கே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்களை விசாரித்தார். "சடங்கு முடிஞ்சி போச்சே மனே. வைகாசியில வந்திருந்தா வழக்குரை கேட்டிருக்கலாம்" என்றார். அம்மனின் வருடாந்தச் சடங்கில் பாடும் கண்ணகி கதைப் பாட்டுத்தான் வழக்குரை. எங்களில் ஒருத்தன் கொஞ்சம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டான். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, திண்ணையில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கப் போகும் இடத்தை அடிக்குரலில் எடுத்தார். ஏடு இல்லை, தடுமாற்றம் இல்லை. பாட்டு ஏறி வரும்போது பஸ் ஹோர்ன் அடித்தது. நேரமாகிவிட்டது என்று எங்களைக் கலைத்து ஏற்றிவிட்டார்கள்.

ஊரை விட்டு இங்கே வந்த பிறகுதான் யாழ் நூலை முழுதாகக் கையில் எடுத்தேன். அந்த ஆராய்ச்சிக்கு வேர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. வைகாசிதோறும் கண்ணகி கதை பாடப்படும் ஊரில் வளர்ந்த பிள்ளை, விஞ்ஞானம் படித்த பிறகு, அதே கண்ணகியின் காப்பியத்திலிருந்து பழந்தமிழ் இசையின் சுரங்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்திருக்கிறார். பல ஆண்டு உழைப்பு அது. நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகள் மறைந்தார். இந்தத் தொடர்பை அன்று ஒருவர் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தத் திண்ணையை விட்டு எங்களை எழுப்பியிருக்க முடியாது. காரைதீவு எங்களுக்குக் கொடுக்க வைத்திருந்தது அந்தப் பாட்டைத்தான். அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைச் சுற்றுலாவுக்கு நாம் உதவுவதென்றால், அதைச் சடங்குக் காலத்தில் வைக்கச் சொல்லுங்கள். போவதற்கு முதல் வாரம் வகுப்பில் அரங்கேற்று காதையின் யாழ்ப் பகுதியைப் படிப்பியுங்கள். வழக்குரை பாடத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு வெற்றிலை வைத்துச் சொல்லி, பிள்ளைகளை அவர் முன்னால் உட்கார வையுங்கள். இரவு தங்கவேண்டி வந்தால் அந்தச் செலவை நான் ஏற்கிறேன்.