கொட்டகையில் ஒரு புல்லட்: நாட்குறிப்பு

ஜூன் 4

மாமாவின் புல்லட்டில் இன்ஜின் இறுகிப் போயிருக்கிறது. கிக்கரின் மேல் முழு எடையையும் வைத்து நின்றாலும் அசைவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலையும் ஆயிலையும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி வைத்திருக்கிறேன். ஊறட்டும், நெம்பக் கூடாது.

ஜூன் 7

இன்னும் அசையவில்லை.

ஜூன் 9

காலையில் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபோது பிஸ்டன் நகர்ந்தது. ஒரு நகத்தின் அளவுதான், ஆனால் நகர்ந்தது.

மாலைக்குள் ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கிவிட்டேன். சில நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றும், இறுக்கிப் பிடித்தவுடன் வழுக்கும். 1955இல் இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களை மெட்ராஸில் பொருத்தத் தொடங்கிய வண்டியின் வழிவந்தது இது; 1972ஆம் ஆண்டு மாடலிலும் பழைய ஆங்கிலேய மரைகளே இருக்கின்றன. மூலைகள் மழுங்கிய நட்டுகளைப் பார்க்கும்போது, இடையில் எத்தனை கைகள் அவசரப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது.

சிலிண்டர் சுவரில் பிஸ்டன் நின்றிருந்த உயரத்தில் துருவின் வளையம் இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து போர் செய்துதான் ஆக வேண்டும். அது எனக்குப் பெரிய கவலை அல்ல. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கக் கூடாது. இருக்கிறது. சிறிய, தெளிவான ஒரு தட்டல் கைக்குத் தெரிகிறது. ராட் கிராங்க்கோடு சேரும் கீழ்முனை, பிக் எண்ட், போய்விட்டது.

ஜூன் 12

கிராங்கைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தேன். இரண்டு வாரம் என்றார்கள். மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆயில் போகலையா மாப்ளே?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 16

மாமா கேட்டது மனத்தைவிட்டு அகலவில்லை. பிக் எண்ட் தேய்ந்தது வயதினாலா, ஆயில் போகாததனாலா?

இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் கேஸின் வார்ப்புக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கிறது. இன்ஜினின் பக்கமூடியான டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள் உள்ளன. ஒன்று ஆயிலை அனுப்புகிறது. மற்றது, அடியில் சேர்வதை மீட்டெடுத்து மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களுக்கும் திரும்பத் தொட்டிக்கும் கொண்டுபோகிறது. அனுப்பும் பம்பிலிருந்து புறப்படும் ஆயில் கவரில் துளைத்திருக்கும் வழியாகச் சென்று, கிராங்க்கின் முனையில் உள்ள ஒரு சிறு துளைக்குள் நுழைந்து, கிராங்க்கின் ‘பின்’ என்ற உருளைக்குப் போய், அங்கே மிதந்து சுழலும் புஷ் என்ற வளையத்தைச் சூழ்ந்து நிற்க வேண்டும். அந்தப் புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடையே உலோகத்தோடு உலோகம் படாமல் காப்பது அந்த ஆயில் படலம் ஒன்றுதான்.

நிலையாக நிற்கும் கவரும் சுழலும் கிராங்க் முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அது சுருங்கியோ கிழிந்தோ போனால், ஆயில் கிராங்க்குக்குள் நுழையாமல் பக்கத்தில் வழிந்து அடியில் விழும். மீட்கும் பம்பு அதையும் எடுத்து ராக்கர்களுக்கு அனுப்பிவிடும். மேலே பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். கீழே பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும். பழைய சீலை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை; உடைந்தது.

ஜூன் 21

பெட்ரோல் டேங்க்கின் உட்புறத் துருவை நீக்கும் வேலை. சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, ஓர் இரும்புக் கம்பியை டேங்க்கைத் தொடாதபடி வாயில் தொங்கவிட்டு, சார்ஜரின் நேர்முனையைக் கம்பிக்கும் எதிர்முனையைத் டேங்க்குக்கும் கொடுத்திருக்கிறேன். துரு எதிர்வினையில் இளகி வருகிறது. எவர்சில்வர் கம்பியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து நீரில் சேரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் கொட்டகையின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், அருகில் நெருப்புக்கு இடமில்லை.

வெளிப்புறப் பெயின்ட்டைத் தொடப்போவதில்லை. டேங்க்கின் பொன்னிறக் கோடுகள் தொழிற்சாலையில் ஒருவர் கையால் தூரிகை பிடித்து இழுத்தவை. ஓரிடத்தில் கோடு சற்றே தடித்து மெலிகிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாக இழுத்தால் வண்டி பளபளக்கும், ஆனால் அந்தக் கை போய்விடும்.

ஜூன் 24

பட்டறையில் இன்னும் ஆகவில்லை.

ஜூன் 27

ஆர்.சி. புதுப்பிப்பு பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன, ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண்ணும் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடத் தேவைக்குச் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் அது பொருந்தும். மாமா இந்த வண்டியை ஒருநாளும் காட்சிக்கு வைத்தவர் அல்லர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே போதும்.

ஜூலை 1

மாமாவின் மருத்துவ அறிக்கை வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். பட்டறையும் வியாழக்கிழமை என்கிறது.

ஜூலை 3

கிராங்க் வந்துவிட்டது!

வந்தவுடன் செய்த முதல் வேலை, ஆயில் கேனின் மூக்கைக் கிராங்க் முனையின் துளையில் பொருத்தி அழுத்தியது. கேன் கிட்டத்தட்டக் காலியான நேரத்தில் கனெக்டிங் ராடின் இரு பக்கங்களிலிருந்தும் சுத்தமான ஆயில் கசிந்து வந்தது. வழி திறந்திருக்கிறது. ராடை இழுத்தேன், தள்ளினேன், தட்டல் இல்லை. மாமாவிடம் சொல்வதற்கு இன்று இந்த ஒரு நல்ல செய்தியாவது இருந்தது.

ஜூலை 8

பம்பு டிஸ்க்குகளைக் கண்ணாடிப் பலகையில் நுண்ணிய பேஸ்ட் இட்டு, முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாகும்வரை வட்டமாகத் தேய்த்தேன். முகம் படியாத டிஸ்க் பம்பின் வலிமையைக் குறைப்பதோடு, வண்டி நிற்கும்போது தொட்டியின் ஆயிலைக் கிராங்க் அறைக்குள் இறங்கவும் விட்டுவிடும். பம்பை இயக்கும் வார்ம் நட்டுக்கு இடதுகை மரை. அதை அறியாமல் வழக்கமான திசையில் திருப்பினால் கழற்றுவதாக நினைத்து இறுக்குவோம்.

புது சீலை வைத்துக் கவரைக் கையால் அழுத்தினேன். முழுதாக ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றது. ஸ்க்ரூக்களை முடுக்கிய பிறகே முகத்தோடு முகம் பொருந்தியது. சீல் நன்றாக அழுந்தியிருக்கிறது என்பதற்கு அந்த இடைவெளியைவிட வேறு சாட்சி எனக்குக் கிடையாது.

ஜூலை 10

பிளக்கில் பொறியைத் தூண்டும் பாயிண்ட், கண்டென்சர் இரண்டும் புதியவை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றச் சொல்லுகிறவர்கள் பலர், எனக்கு மனமில்லை. பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். மெல்லிய தாளை இடுக்கி, அது நழுவும் கணத்தைப் பிடித்தேன்.

தூக்கம் வரவில்லை. சீல்.

ஜூலை 12

அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்து உச்சியைக் கடத்தி, விட்டு, முழுதாக மிதித்தேன். சில மிதிகளுக்குப் பின் பிடித்தது. மூல அளவில் சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். அந்த நீண்ட ஸ்ட்ரோக்கின் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. தொலைபேசியை வண்டியருகே பிடித்தேன். மறுமுனையில் மாமா, “ராக்கர் போல்ட்ட லூஸ் பண்ணிப் பாரு,” என்றார். தளர்த்தினேன். ஆயில் ஊறி வழிந்தது.

“வருது மாமா.”

“அப்ப சரி.”

சரிதானா? ராக்கருக்கு வந்த ஆயில், பிக் எண்டைச் சுற்றி வந்ததா, சீலின் பக்கத்தில் வழிந்து வந்ததா? அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவருடைய குரல் தளர்ந்திருந்தது.

ஜூலை 13

கவரை மறுபடி திறந்தேன். சீலின் முகத்தில் கிராங்க் முனையின் தடம் முழு வட்டமாகப் பதிந்திருக்கிறது, ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. புது கேஸ்கெட் வைத்து மூடினேன்.

ஜூலை 16

மழை. வண்டியை வெளியே எடுக்கவில்லை.

ஜூலை 19

50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் முதல் ஓட்டம். புது பிஸ்டனுக்கு ஒரே வேகம் ஆகாது என்பதால் ஏற்றியும் தணித்தும் ஓட்டினேன். இறங்கி டிரெயின் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்ததில், புது ரிங்குகள் படியும்போது வரும் சாம்பல் நிறப் பொடி மட்டுமே இருந்தது. மினுங்கும் துகள் இல்லை.

பின் பிரேக் இழுக்கிறது. வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட்டையும் இன்ஜின் குளிர்ந்த பின் ஒருமுறை பார்க்க வேண்டும். ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராட் இரண்டும் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மாமாவை நாளை காலை அழைத்து வருகிறார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும்.