செய்முறைத் தேர்வில் ஒரு வெற்று வரி

பிளஸ் டூ கணினி அறிவியலில் 96. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்குத்தான் வயிற்றெரிச்சல் தீரவில்லை. எழுத்துத் தேர்வில் 69, அகமதிப்பீட்டில் 10, செய்முறையில் 20-க்கு 17. அந்த மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

சீட்டுக் குலுக்கலில் எனக்கு வந்தது எல்லாரும் வேண்டிக்கொள்ளும் பைத்தான் மொழி நிரல்: பத்து வீரர்களின் பெயரையும் ஓட்டங்களையும் வாங்கி சிஎஸ்வி கோப்பில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு) எழுத வேண்டும், பிறகு ஒரு பெயரைக் கேட்டால் அவருடைய ஓட்டத்தைக் காட்ட வேண்டும். அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் இருபது முறையாவது செய்திருப்பேன். கால் மணி நேரத்தில் முடித்தேன். முதல் வீரரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன், ஓட்டம் வந்தது. கையைத் தூக்கினேன்.

வந்த புறத்தேர்வாளர் நான்காவது பெயரைத் தட்டச்சு செய்தார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச், அதாவது பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்கிறாய். நிரலை மேலும் கீழும் படித்தேன், ஓர் எழுத்துகூடத் தவறில்லை. கை நடுங்கிவிட்டது. “கோப்பைத் திறந்து பார்த்தாயா அம்மா?” என்று மட்டும் கேட்டார். நோட்பேடில் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வெற்று வரி. கோப்பை வரிவரியாகப் படித்துத் தரும் ரீடர் அந்த வரியை வெற்றுப் பட்டியலாகத் தருகிறது, வெற்றுப் பட்டியலில் முதல் உறுப்பைக் கேட்டால் பைத்தான் என்ன செய்யும்? முதல் பெயர் மட்டும் தப்பியதற்குக் காரணம், அது கிடைத்ததுமே என் நிரல் மடக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது.

காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. கோப்பில் எழுதித் தரும் பைத்தானின் சிஎஸ்வி ரைட்டர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறிகளைத் தானே போடுகிறது. வின்டோஸில் கோப்பை வழக்கம்போலத் திறந்தால், அந்த எல்எஃப் எழுதப்படும்போது இன்னொரு சிஆர் சேர்ந்துகொள்கிறது. திரும்பப் படிக்கும்போது ஒரு வரிமுடிவு இரண்டாகத் தெரிகிறது. அக்காவின் மடிக்கணினியில் நான் லினக்ஸில்தான் பழகினேன், அங்கே இந்தச் சேர்க்கை நடப்பதில்லை. பள்ளி ஆய்வகத்தில் எல்லாம் வின்டோஸ்.

ஆகவே, கோப்பைத் திறக்கும் வரியில் நியூலைன் என்று எழுதி, சமக்குறி போட்டு, நடுவில் இடைவெளிகூட இல்லாமல் இரண்டு ஒற்றை மேற்கோள்குறி. இந்த ஒன்றைத் தவிர இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் மன்னிக்கலாம் என்பேன். மிகைதான், ஆனால் மூன்று மதிப்பெண் போனவள் நான்.

எனக்கு மனப்பாடம் வராது. உடைத்துப் பார்த்துத்தான் படிப்பேன். மனப்பாடக்காரர்களுக்கு இனி வருவது பயன்படாமல் போகலாம். நான் உடைத்தவை:

– பெயருக்குள் காற்புள்ளி. “ராகுல், கே” என்று கொடுத்தால் ரைட்டர் தானே இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்துவிடும். வரியைக் காற்புள்ளி உள்ள இடமெல்லாம் ஸ்ப்ளிட் கொண்டு வெட்டினால் மூன்று துண்டாகும். ரீடரையே பயன்படுத்துங்கள்.

– ஒரு வரியை எழுதும் ரைட்ரோவுக்குப் பட்டியல் கொடுக்காமல் கவிதா என்று வெறும் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு குறியும் ஒரு நெடுவரிசை. க, வ, ி, த, ா என்று துணைக்குறிகூடத் தனியாக உதிர்ந்து கிடக்கும்.

– ஓட்டங்கள் எண்ணாகத் திரும்பி வராது, சரமாகத்தான் வரும். 120-ஐவிட 95 பெரிது என்று சொல்லும். எண்ணாக மாற்றும் இன்ட் போட்ட பிறகே ஒப்பிடுங்கள்.

– கோப்பைப் புதிதாக எழுதத் திறக்கும் டபிள்யூ முறையில் நிரலை மறுபடி ஓட்டினால் பழைய கோப்பு காலி. பத்துப் பெயரையும் மீண்டும் தட்டச்சு செய்யப் பொறுமை இருந்தால் சரி.

எழுத்துத் தேர்வுக்கு: சிஎஸ்வி அமைப்பின் விதிகள் ஐந்து மதிப்பெண்ணில் வரக்கூடியவை. அவை ஆசிரியர்கள் நம்மைப் படுத்துவதற்காக உண்டாக்கியவை அல்ல. 2005 அக்டோபரில் ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வந்த ஏழு விதிகள். விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதினால் போதும். பலர் கோட்டைவிடுவது கடைசி விதியை: மேற்கோள்குறிக்குள் இன்னொரு மேற்கோள்குறி வந்தால் அதை இரட்டிக்க வேண்டும். 32" டிவி என்பது கோப்பில் "32"" டிவி" ஆகும்.

எக்செல்லுக்கும் சிஎஸ்விக்கும் வேறுபாடு கேட்டால் அட்டவணை போடுங்கள். பயிற்சியின்போது மட்டும் கோப்பை எக்செல்லில் திறக்காதீர்கள். 0042 என்ற பதிவெண்ணை அது 42 ஆக்கிக் காட்டும், மேற்கோள்குறிகளை மறைத்துவிடும். மார்ச்1 என்ற மரபணுப் பெயரை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களுக்குப் பெயரையே மாற்றினார்கள். எனக்குப் போனது மூன்று மதிப்பெண்தானே என்று அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

கையைத் தூக்குவதற்கு முன் பட்டியலில் கடைசிப் பெயரைக் கொடுத்துச் சோதியுங்கள். அதன் பிறகு, இல்லாத பெயர் ஒன்றை.